பட்டர் சாமி வண்டிக்குப் பேட்டரி மாற்றப் போனது

காலை 5.50, பொன்னேரி.

செங்குன்றம் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு கிடைத்தது. மடியில் ஒரு துணிப்பை. அதில் ஜம்பர் கேபிள், பத்தாம் நம்பர் ஸ்பேனர், பிளாஸ்டிக் உறையில் போட்ட பேட்டரி வாரண்டி கார்டு. நாற்பது கார்களுக்கு மேல் கைமாற்றி விட்ட ஆள் பஸ்ஸில் போகிறானே என்று யாரும் நினைக்க வேண்டாம். திரும்பி வரும்போது கார் இருக்கும் என்பதால்தான் பஸ்ஸில் போனேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் வலை இழுத்த குடும்பம். படிப்பு மூன்றாம் வகுப்பு. பதினாறு வயதில் ஐஸ் பெட்டி தூக்கினேன், இருபத்தைந்தில் மீன் வண்டி ஓட்டினேன், நாற்பதில் பழைய கார் வாங்கி விற்க ஆரம்பித்தேன். இன்றைக்குப் பொன்னேரியில் எல்லப்பன் ஷெட் என்று சொன்னால் கண்டக்டரே கை காட்டி இறக்கிவிடுவார். வண்டி கொடுக்கும்போது ஒரு வருடத்துக்கு எது போனாலும் என் பொறுப்பு என்று சொல்லித்தான் கொடுப்பேன். எழுதித் தருவதில்லை. எழுதித் தருகிற பெரிய பெரிய ஷோரூம்காரர்கள் தராத தைரியத்தை என் வாய் தருகிறது.

அந்த வாய்க்குத்தான் முந்தின நாள் சோதனை வந்தது. திருவள்ளூரிலிருந்து வரதராஜ பட்டர் போன் செய்தார். நான்கு மாதத்துக்கு முன் என்னிடம் வெள்ளை நிறச் சின்னக் கார் ஒன்றை வாங்கியவர். திருவள்ளூருக்குப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி, பஸ் போகாத ஒரு கிராமத்தில், சின்னப் பெருமாள் கோயில் ஒன்றைக் காலையிலும் மாலையிலும் போய்த் திறப்பது அவர் வேலை. சாவி அவரிடம் மட்டும்தான். ஒரு வாரமாக வண்டியைத் தள்ளித்தான் கிளப்பியிருக்கிறார். அன்று காலை தள்ள ஆள் கிடைக்காமல் கோயில் ஒன்றேகால் மணி நேரம் தாமதமாகத் திறந்திருக்கிறது. களைபறிக்கப் போகிற பெண்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சேவிக்காமலே போய்விட்டார்களாம். அவர் கோபப்படவில்லை. "வாரண்டி உண்டுன்னு சொன்னேளே" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

காலை 8.15, திருவள்ளூர்.

இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஐம்பத்து நான்கு ரூபாய். பெருமாள் கோயில் குளத்துக்குத் தெற்கே இருக்கிற தெருவில் பட்டர் வீடு. நான் போனபோது காலைப் பூஜையை முடித்து, பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். நெற்றி நாமத்தில் ஈரம் காயவில்லை.

இந்த வண்டிக்கு நான் பேட்டரி வாங்கியது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு எதிரே இருக்கிற ஒரு கடையில். வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. கார்டில் முப்பத்தாறு மாதம் போட்டிருக்கிறது. போனில் கேட்டபோது, பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தால் ஆகாது, வண்டியோடு வரவேண்டும், வண்டி சரியாகச் சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் வாரண்டியில் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். சரியான பேச்சு. எனக்குப் பிடித்தது.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுத்தேன். "சாமி, இனிமே கும்முடிப்பூண்டி போற வரைக்கும் அணைக்கக் கூடாது. அணைச்சா அங்கியே குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்" என்றேன். பட்டர் ஒரு தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்தார். உள்ளே புளியோதரை. மாலை ஆறு மணிக்குக் கோயில் கதவு திறக்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். வண்டியை நான் ஓட்டினேன்.

காலை 10.20, பெரியபாளையம்.

வெங்கல் வழியாக வந்தோம். நல்ல ரோடு, இரண்டு பக்கமும் நாற்று பச்சைப்பசேல் என்று நின்றது. ஆடி மாதம் என்பதால் பெரியபாளையம் நெருங்க நெருங்க டெம்போவும் டிராக்டருமாக அம்மன் கோயில் கூட்டம். வேப்பிலை வாசம் கார் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது. அந்த நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்ததில் பெட்ரோல் முள் சிவப்புக்கு வந்துவிட்டது.

பங்கில் எஞ்சினை அணைத்தால்தான் போடுவேன் என்றார் அங்கே இருந்தவர். நான் யார், எத்தனை வருடமாக வண்டி ஓட்டுகிறேன் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் குழாயைக் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். "எல்லாம் சரி பெரியவரே. வெடிச்சா உன் பேட்டரியும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அணைத்தேன். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன். சாவியைத் திருப்பினால் டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பக்கத்தில் ஒரு டெம்போவிலிருந்து மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஏழெட்டுப் பேர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உதவி கேட்டதும் கிளாஸை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அதில் ஒருவன், "இன்னா தாத்தா, வண்டிய தள்ளிக்கினே வரேன்னு அம்மனுக்கு நேந்துக்கினியா?" என்று கேட்டான். பட்டரும் இறங்கிப் பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் கை வைத்தார். வேண்டாம் சாமி என்று கத்தினேன், காதில் வாங்கவில்லை. இருபதடி போவதற்குள் வண்டி பிடித்துக்கொண்டது. மொட்டைகள் எல்லாம் கைதட்டின. ஆளுக்கொரு டீ சொல்லலாம் என்று பார்த்தால் வேண்டாம் என்றுவிட்டார்கள். நம் ஜனங்கள் மாதிரி ஜனங்கள் கிடையாது.

பெரியபாளையத்தை அடுத்த ஆரணி தாண்டி ஒரு புளியமரத்தடியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே புளியோதரையைச் சாப்பிட்டோம். வண்டியின் பெருமைகளைப் பட்டருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரே ஓனர் கையில் ஓடின வண்டி, மழைத்தண்ணீர் பார்க்காத வண்டி, எஞ்சின் பால் மாதிரி. அவர் உம் கொட்டிக்கொண்டு வந்தார்.

பகல் 12.05, கும்மிடிப்பூண்டி.

கவரைப்பேட்டையில் கல்கத்தா நெடுஞ்சாலை ஏறினால் பத்து நிமிடம்தான். பட்டர் வீட்டிலிருந்து ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் காட்டியது மீட்டர்.

இந்தத் தொழிற்பேட்டையைப் பார்க்காதவர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். நான் மீன் வண்டி ஓட்டிய காலத்தில் இந்தப் பக்கம் பாதிக்கு மேல் சவுக்குத் தோப்பு. இப்போது ஒரு தெருவில் இரும்பு உருக்குகிறான், அடுத்த தெருவில் பைப் செய்கிறான், அதற்கடுத்ததில் டயர். ஷிப்ட் விட்டு நீலச் சட்டை போட்ட பெண்கள் ஸ்கூட்டரில் வரிசையாக வந்தார்கள். இருபது சக்கர லாரி ஒன்று ஒரே மடக்கில் கேட்டுக்குள் நுழைந்ததை நின்று பார்த்தேன். சவுக்குத் தோப்பு போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. அதில் வேலை செய்தவன் பிள்ளைதான் இன்றைக்கு அந்த லாரியை மடக்குகிறான்.

பேட்டரிக் கடையில் சோதனை செய்வது தேவிகா என்ற பெண். முப்பது வயது இருக்கும். சொந்த ஊர் ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூர், அதனால் பேச்சில் கொஞ்சம் தெலுங்கு கலந்திருந்தது. என்னை நைனா என்று கூப்பிட்டாள். அவள் வேலை செய்த விதத்தை நான் எழுதாவிட்டால் பாவம். முதலில் வண்டி ஓடும்போதே மீட்டரை வைத்துப் பார்த்தாள். பதினாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வண்டியில் குறையில்லை என்று எழுதிக்கொண்டாள். பிறகு அணைக்கச் சொன்னாள். பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்து, ஈரத் துணியால் துடைத்து, பூனைக்குட்டியைப் புரட்டுவது மாதிரி நாலு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். ஆறு மூடியையும் திறந்து ஒவ்வொன்றிலும் கண்ணாடிக் குழாயை விட்டு ஆசிட்டை உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு அறை செத்துவிட்டது என்றாள். அவசரமே இல்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை.

அப்புறம் பேட்டரியின் ஈயத் தலை இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு பாரத்தை எடுத்துப் பட்டரிடம் கொடுத்தாள். இப்போது வண்டி வைத்திருப்பவர்தான் கையெழுத்துப் போடவேண்டுமாம். பட்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். இந்த பேட்டரி வாகனத்தில் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தப்படவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

"அப்டித்தானே, எல்லப்பரே?" என்றார்.

அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு அது நினைவிலேயே இல்லை. பெருமாள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இந்த வண்டி விலை படியாமல் என் ஷெட்டில் எட்டு மாதம் நின்றது. இறால் சீசனில் என் தம்பி நாகப்பன் படகு விளக்குக்கு பேட்டரி கேட்டான். சும்மா தூங்குகிற பேட்டரிதானே, வேலை செய்யட்டும் என்று இதைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஏரியில் இருந்தது. துடைத்துக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தான், மாட்டினேன், வண்டி கிளம்பியது, மறந்துவிட்டேன். எங்கள் பக்கம் ஷெட்டில் நிற்கிற வண்டியின் பேட்டரி எல்லாம் அப்படித்தான் படகேறி இறங்கும். அது ஒரு தப்பு என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஈயத் தலையில் அவள் தடவின இடத்தைப் பார்த்தேன். காலையில் போட்ட கேபிளின் ஒற்றைத் தடத்தைச் சுற்றி, விளக்கு ஒயரின் சின்னக் கிளிப் கடித்த பல் தடம் வரிசையாக இருந்தது.

பட்டர் பேனா மூடியைத் திறந்துவிட்டார். நான் உம் என்று சொன்னால் போட்டுவிடுவார். கார்டு இருக்கிறது, கடை முத்திரை இருக்கிறது, புது பேட்டரி வந்துவிடும், ஊரில் என் பேச்சும் நிற்கும். ஆனால் அந்தப் பாரத்தில் இருக்கப்போவது என் பெயர் இல்லை.

"சாமி, கையெழுத்து போடாதீங்க" என்றேன். "அது போட்ல இருந்துச்சு. நான்தான் குடுத்தேன்."

பட்டர் பேனாவை மூடினார். என்னைப் பார்க்கவில்லை, பேட்டரியைப் பார்த்தார். தேவிகா மட்டும் பேசினாள். "கார் பேட்டரி ஒரு தள்ளு தள்ளி உட்டுட்டு ஒதுங்கிக்கிற சாமான் நைனா. விடிய விடிய வெளக்கு எரிச்சா தாங்காது. நீ சொல்லலன்னாலும் கம்பெனிக்கு அனுப்பியிருப்பேன். அங்க பொளந்து பாப்பாங்க. பொய்னு வந்தா கையெழுத்து போட்டவர் பேர்தான் கெடும்."

குத்திக் காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. பாரத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். ஐம்பது வருடமாக எஞ்சினோடு புழங்குகிறவன் நான். எனக்குத் தெரியாத ஒன்றை ஒரு பல் தடத்தை வைத்துக் கண்டுபிடித்தவள் அவள். இப்படிப்பட்டவள் என் ஷெட்டில் இருந்தால் நான் இன்னும் நூறு வண்டி விற்பேன். அதை அவளிடமே சொன்னேன். இங்கேயே நல்ல சம்பளம்தான் நைனா என்றாள்.

கம்பெனி வாரண்டி போனது. என் வாரண்டி போகவில்லையே. புது பேட்டரி ஐயாயிரத்து நானூற்றைம்பது, பழையதைக் கொடுத்ததற்குத் தொள்ளாயிரம் கழித்தாள். நான் கொடுத்தேன். கார்டில் பட்டர் பெயரை எழுதச் சொன்னேன்.

பிற்பகல் 2.40, பொன்னேரி.

திரும்பும்போது பட்டரே ஓட்டினார். சாவியைத் தொட்டதும் வண்டி எழுந்தது. ஷெட் வாசலில் என்னை இறக்கிவிட்டார். ஜன்னல் வழியாக, "இந்த வண்டியப் பத்தி இன்னும் ஏதாவது சொல்லாம விட்டிருக்கேளா?" என்று கேட்டார்.

ரோட்டோரத்திலேயே நின்று யோசித்தேன். விற்கிறபோது குறை சொல்லிப் பழக்கமில்லாத வாய் என்பதால் முதலில் வரவில்லை, பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஹாரன் வேறு வண்டியுடையது. ஸ்டெப்னி டயர் ஒட்டுப் போட்டது. ஒரே கையில் ஓடின வண்டி இல்லை, இரண்டு கை. கடைசியாக, இடது பக்கப் பின்கதவு ஒரு பாலத்துச் சுவரில் உரசி, பெயிண்ட் அடித்த கதவு என்றேன்.

"கதவு தெரியும். வாங்கின அன்னிக்கே பார்த்தேன்" என்றார்.

"அப்போ இன்னாத்துக்கு சாமி கேக்கல?"

"நீங்களா சொல்வேளான்னு பார்த்தேன்" என்று சொல்லி, கியரைப் போட்டார். ஆறு மணிக்குள் போய்ச் சேர நேரம் தாராளமாக இருந்தது. அவர் வண்டியை விரட்டவில்லை, செங்குன்றம் ரோட்டில் நிதானமாகப் போனார். அந்தக் கதவு கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் வெயிலில் நின்றேன்.