சென்சாருக்கு அடியில் சந்தனம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது நாலு பிள்ளைகள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் என் கடைசி மகளின் பட்டறையைப் பற்றி நானே எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

வீடு விழுப்புரத்தில். பட்டறை திண்டிவனத்தில், பைபாஸ் ஓரம். பஸ், லாரி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைப் பழுது பார்ப்பது அவள் தொழில். அதற்குள் விரல் தடிமனில் ஒரு தண்டு, பேரிங்கில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். பழுது பார்த்ததை மெஷினில் ஏற்றிக் காற்றடித்துச் சுற்றவிடுவாள். காந்தத்தால் ஒட்டுகிற சென்சார் அதிர்வை வாங்கித் திரையில் கோடாகக் காட்டும்; பழுது இருந்தால் கோடு எகிறும். பிறகு காற்றை நிறுத்துவாள். உராய்வு இல்லையென்றால் தண்டு தன்பாட்டுக்கு வெகுநேரம் ஓடி நிற்கும்.

அன்று சனிக்கிழமை. நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பஸ் முதலாளி ஒருவர் முதல் தடவையாக வேலை கொடுத்திருந்தார். மனதுக்குப் பிடித்தால் எல்லா பஸ்ஸையும் இங்கேயே விடுவதாகச் சொல்லியிருந்தார். திரையில் கோடு நன்றாக அடங்கியிருந்தது. காற்றை நிறுத்தியதும் தண்டு சட்டென்று நின்றது. மறுபடி ஓட்டினாள். அப்போதும் அப்படியே.

"கோடு நேராதானே கீது? ஜல்தியா மாட்டிக் குடும்மா, சாயங்காலம் வண்டி கெளம்பணும்" என்றார் அவர்.

"கோடு ஒண்ணு சொல்லுது, தண்டு ஒண்ணு சொல்லுதுண்ணா. குடுக்க மாட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பி, உன் பெண் என் பஸ்ஸை இங்கேயே குடிவைத்துவிடுவாள் போலிருக்கிறதே என்று குத்தலாகச் சொன்னார். இந்த ஆள் போனால் அத்தனை பஸ்ஸும் போய்விடுமே என்று நினைத்தபடி சாப்பாட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

அவள் சென்சாரைப் பிடுங்கிப் பார்த்தாள். அது உட்காரும் இடத்தில் காய்ந்த சந்தனம். வெள்ளிக்கிழமைதோறும் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறவள் அவள்தான். முந்தின நாள் கை அங்கே போயிருக்கிறது. அதிர்வு முழுதாக ஏறாமல் சந்தனம் தடுத்துவிட்டது. துடைத்துவிட்டு ஓட்டினாள். கோடு எகிறியது. பிரித்துப் பார்த்தால் பேரிங்கில் கீறல்.

வேறு பேரிங் போட்டு ஓட்டிக் காட்டும்வரை அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தனம் வைத்தது தன் கைதான் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "அடுத்த வண்டியையும் அனுப்பறேன். பொட்டை மட்டும் செவுத்துல வெய்யி" என்றார்.

இதை எழுதுகிறேன் என்றதும் மகள், சந்தனத்தை விட்டுவிட்டு எழுதும்மா, மானம் போகுது என்றாள். எனக்குப் பெருமையே அங்கேதான். இப்போது பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன்.

"இந்தா கண்ணு, மொதல்லேர்ந்து படி. உங்கம்மா காதுல விழுறாப்புல படி. சந்தனம் வர்ற எடத்த வுட்டுடாத."