வேலாயியின் தட்டில் மட்டும்

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த வேலாயிக்குத் தன் கைருசியில் கொஞ்சம் திமிர் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் கடலை அவிப்பது அவள்தான். சாமிக்குப் படைப்பதை முன்னாடியே வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. கையளவில் உப்புப் போட்டே பேர் வாங்கியவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் மகன் அழகனுக்கு வலப்பனைப் பக்கமிருந்து பூரணியைக் கட்டி வைத்தாள். பூரணி வைத்த குழம்பு வேலாயிக்கு மண்ணாக இருந்தது. மகனோ சட்டியை வழித்துத் தின்றான். ஆத்தா சமையலைத் தவிர எதுவும் பிடிக்காத பயல். சந்தேகமென்ன, இடுமருந்துதான். புருஷனை மயக்கி, மாமியார் நாக்கைக் கட்டிவிட்டாள்.

வேலாயி வேவு பார்த்தாள். ஒருநாள் பூரணி முந்தானை முடிச்சிலிருந்து எதையோ கிள்ளி, மாமியார் தட்டில் மட்டும் தூவினாள். வேலாயி தட்டை அப்படியே நாய்க்கு வைத்தாள். நாய் வாலாட்டிக்கொண்டு தின்றது. அதையும் மயக்கிவிட்டாள் என்று முடிவு கட்டினாள். அன்றிலிருந்து தானே ரொட்டி சுட்டுத் தின்றாள். அதுவும் சப்பென்றுதான் இருந்தது. பழைய மருந்து இன்னும் இறங்கவில்லை போல.

"திருவிழா முடிஞ்சதும் இவள அவ ஆத்தா வீட்டுல விட்டுட்டு வாடா" என்று மகனிடம் சொல்லிவிட்டாள். அழகன் எவ்வளவோ கெஞ்சினான். பூரணி துணிமூட்டை கட்டினாள்.

திருவிழாவன்று கடலைப் பானையருகே பூரணியை அண்டவே விடவில்லை. படையல் முடிந்து எல்லோரும் இலையில் வாங்கித் தின்றார்கள்.

"ஒங்க கையால போட்ட உப்பு அளந்து போட்ட மாதிரி இருக்குக்கா" என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி.

வேலாயி ஒரு பிடி வாயில் போட்டாள். மண். அவளே அவித்தது, வேறு கை படாதது, ஊரே புகழ்கிறது. நாக்குத்தான் செத்திருக்கிறது. அவளுக்குப் பயம் வந்தது.

பூரணி கிட்டே வந்து முடிச்சை அவிழ்த்தாள். பொடித்த உப்பும் மிளகும். வேலாயியின் இலையில் கொஞ்சம் தூவினாள்.

"நான் உப்ப அள்ளிக் கொட்டிட்ட அன்னைக்கும் உப்பே இல்லன்னீங்க அத்த. அப்பவே தெரியும். கைருசிக்காரவங்ககிட்ட எப்புடிச் சொல்றது?"

வேலாயி மென்றாள். நாக்கின் ஓரத்தில் லேசாக உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அழகனைப் பார்த்து, "அந்த மூட்டையப் பிரிச்சு வைடா" என்றாள்.

பிறகு இலையைப் பூரணியிடம் நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் போடு."