ஈஸ்டருக்குள் ஒரு மூக்கு

கண்டமங்கலத்துப் பிரான்சிஸ் விழுப்புரத்தில் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அவன் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் நாலு ரோட்டுக்குப் போகும். வருகிற முகங்களில் அவன் முதலில் பார்ப்பது மூக்கைத்தான். சப்பையாக இருந்தால் கொஞ்சம் தூக்கிவிடுவான், கோணலாக இருந்தால் நிமிர்த்துவான். யாரும் கேட்டுச் செய்வதில்லை, அதற்குத் தனியாகக் காசும் கிடையாது. ஏதோ தன்னால் ஆன சமூக சேவை என்று நினைத்துக்கொள்வான்.

சேவைக்குக் காரணம் அவனுடைய சொந்த மூக்கு. 1993இல், ஐந்தாவது படிக்கும்போது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிய வண்டியின் மேலே உட்கார்ந்து ராஜா மாதிரி வந்தவன், திருப்பத்தில் மூட்டைகளோடு சேர்ந்து கீழே விழுந்தான். மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டார்கள். மூக்கு இடப்பக்கம் சாய்ந்தபடியே ஆறிவிட்டது. "பிரான்சிஸு நம்ம கூடத்தான் நிக்கறான், மூக்கு மட்டும் பாண்டிச்சேரி போய்க்கினு இருக்குது" என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேசிச் சிரித்தது. அதை முதன்முதலில் சொன்னவன் அவனேதான். மற்றவர்கள் ஆரம்பிப்பதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலி பாதியாகக் குறையும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

இருபத்தெட்டாவது வயதில் அந்தக் கண்டுபிடிப்பு உதவாமல் போனது. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் அவனே தன் மூக்கைப் பற்றிச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தான். நன்றாகச் சிரித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

மூன்றாவதாகத் திண்டிவனத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் பவுலின். நர்சரி பள்ளியில் டீச்சர். அவள் போட்டோவைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது பிரான்சிஸுக்கு எதையும் திருத்தத் தோன்றவில்லை. அவளைப் பிடித்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் அக்கா சகாயசெல்வி அவனுடைய போட்டோவைக் கேட்டதும், மவுசைத் தன் மூக்கின் மேல் வைத்து லேசாக வலப்பக்கம் தள்ளினான். கவரை ஒட்டியே அக்காவிடம் கொடுத்தான்.

ஒரே வாரத்தில் அக்கா போன் செய்தாள்.

"டேய், மாப்பிள மூக்கும் முழியுமா இருக்காருன்றாங்கடா. இப்ப தவக்காலம் வருது, நல்ல காரியம் பேச வேணாம், ஈஸ்டர் முடிஞ்சி வாங்கன்னு சொல்லிட்டாங்க."

போட்டோ போய்ச் சேர்ந்துவிட்டது. இனி மாற்றுவதற்கு மிச்சம் இருந்தது மூக்கு ஒன்றுதான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பே பிரான்சிஸ் புதுச்சேரியில் ஒரு டாக்டர் முன்னால் பிரிண்ட் அவுட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"இதே மாதிரி வேணும் சார். ஈஸ்டருக்குள்ள."

டாக்டர் படத்தையும் ஆளையும் பார்த்தார். "இது யார் பண்ணது?"

"நான்தான் சார். ரெண்டே நிமிஷம்."

"கம்ப்யூட்டர் நீங்க சொன்னா கேக்கும். எலும்பும் தோலும் அப்படிக் கேக்காது. நிமிர்த்திடலாம், மூச்சும் நல்லா வரும். ஆனா ஆறினப்புறம் இப்படித்தான் நிக்கும்னு என்னால எழுதித் தர முடியாது. வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம் ஆகும். சில பேருக்குப் பழைய பக்கமே கொஞ்சம் சாயறதும் உண்டு."

"பெரும்பாலும் நல்லா வரும் இல்லீங்களா?"

"பெரும்பாலும் வரும்."

பிரான்சிஸ் அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை டாக்டர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தான்.

தவக்காலத்தில் மூக்கில் கட்டும் கண்ணுக்குக் கீழே கறுப்புமாகக் கோயிலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, உடலை வருத்தும் ஏதோ கடுமையான ஒறுத்தல் எடுத்திருக்கிறான் என்று ஊரில் மரியாதை கூடியது. அக்காவிடம் சைனஸ் என்று சொல்லிவைத்தான். கட்டைப் பிரித்த அன்று கண்ணாடியில் பார்த்தான். முகத்தின் நடுவில் யாரோ பன் ஒன்றை ஊறவைத்து ஒட்டியிருந்தார்கள். செய்ததை இல்லாமல் ஆக்கும் கன்ட்ரோல் இசட் பொத்தானை இடது கை தானாகத் தேடியது. ஆண்டவர் மூன்றாம் நாள் உயிர்த்துவிட்டார். மூக்குக்கு ஒரு வருடம் தேவைப்பட்டது.

பவுலினின் அப்பா சின்னப்பராஜ் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸில் இருக்கும் படத்தையும் பாஸ் வைத்திருப்பவன் முகத்தையும் ஒத்துப்பார்ப்பதே அவருடைய ஆயுள் உத்தியோகம். ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் பிரான்சிஸ் வந்து உட்கார்ந்ததும், அவர் போட்டோவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, மாப்பிளைக்கு நீங்க அண்ணனுங்களா?"

"அவன்தாங்க மாப்பிள" என்றாள் அக்கா.

"அடையாள அட்டை எதனா வெச்சிருக்கீங்களா?"

பிரான்சிஸ் வாக்காளர் அட்டையை நீட்டினான். அதில் பழைய மூக்கு இருந்தது. இன்ஸ்பெக்டர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோவுல ஒரு ஆளு, அட்டையில ஒரு ஆளு, வந்து குந்திக்கினு இருக்கறது ஒரு ஆளு. நான் யாருக்கும்மா பொண்ணு குடுக்கறது?"

அக்கா தம்பியை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். எல்லாரையும் சிரிக்கவைக்க ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். வந்தது உண்மைதான். வண்டியிலிருந்து விழுந்ததில் தொடங்கி ஆபரேஷன் வரைக்கும், ஒரு வருடக் கெடு உட்பட, உள்ளது உள்ளபடி சொல்லி முடித்தான்.

உள்கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த பவுலின் முன்னால் வந்தாள்.

"என் மூக்கு கோணல், போட்டோவுல மாத்திட்டேன்னு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம் இல்லீங்க? அதைச் சொல்லப் பயந்துக்கினு மூஞ்சியையே அறுத்துக்கினீங்களே."

அவன் வாக்காளர் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தான்.

"ஒரு வருஷம் போவட்டும்" என்றாள் அவள். "அப்புறம் பாக்கலாம்."

ஒரு வருடமும் பிரான்சிஸ் யார் மூக்கையும் தொடவில்லை. ஒரு கட்சிக்காரர், போன தடவை எடுப்பாக இருந்தேனே என்று சண்டைக்கே வந்தார். வீக்கம் வடிய வடிய எலும்பு மெல்ல இடப்பக்கமே திரும்பியது. பழைய அளவுக்கு இல்லை, ஆனால் பார்த்தால் தெரியும். அடுத்த ஈஸ்டர் முடிந்து, திண்டிவனம் பஸ் ஏறுவதற்கு முன் பவுலின் வீட்டுக்குப் போன் செய்தான். அவளே எடுத்தாள்.

"நேர்ல வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேங்க. மூக்கு திரும்பவும் சாஞ்சிடுச்சு. இனிமே இப்படித்தான் இருக்கும்."



"இந்த போனுக்குத்தாங்க ஒரு வருஷமாக் காத்துக்கினு இருந்தேன்" என்றாள் பவுலின். "அப்பாகிட்ட சொல்றேன், வாங்க."

பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கு நடுவில் பிரான்சிஸுக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டரே உறுதி சொல்லாத அந்த மூக்கு, கண்ணோடு சேர்ந்து ஒழுகுகிற வேலையை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் செய்தது.