உப்பில்லாத சூப்பும் நடராசண்ணனும்

அருகம்புல் ஜூஸ் விற்கிறவளிடம் யாரும் ருசிக்காக வருவதில்லை. உடம்பைப் பற்றியோ மனசைப் பற்றியோ ஒரு பயம் வந்த பிறகுதான் வருவார்கள். சிங்காநல்லூர்க் குளத்துப் பக்கம் நடக்க வருகிறவர்களுக்குக் காலையில் ஜூஸும் வாழைத்தண்டு சூப்பும் ஊற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. முன்னெல்லாம் மூட்டுவலி, சர்க்கரை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். இப்போது பாதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "மனசு சரியில்லீங்க, அதுக்கு ஏதாச்சும் தழை இருக்குதுங்களா?" என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தால், இந்தக் கதை உங்களுக்கும்தான். கேளுங்கள்.

உப்புப் போட மறந்த நாள்

நடராசண்ணன் லேத் பட்டறை வைத்திருந்தவர். மகனிடம் பட்டறையை விட்டபிறகு முதலில் பேச்சுக் குறைந்தது, அப்புறம் தூக்கம் போனது, கடைசியில் கட்டிலை விட்டே எழுந்திரிக்கவில்லை. மனசுக்குப் பார்க்கிற டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, காலை வெயில் மேலே பட தினமும் நடக்கவும் சொல்லியிருந்தார். அவர் சம்சாரம் சாந்தாமணி கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவருவாள். நடந்து முடித்ததும் என் கடையில் ஒரு டம்ளர் சூப்.

ஒருநாள் உப்புப் போடவே மறந்துபோனேன். முதல் வாய் குடித்தவரே முகத்தைச் சுளித்தார். அடுத்தவர், "ஏனுங்க, தண்டு அலசுன தண்ணியவே ஊத்திப்போட்டீங்களா?" என்றார். நடராசண்ணன் மட்டும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். "எப்படீங்கண்ணா இருக்குது?" என்று கேட்டேன். "நல்லா இருக்குதுங்க" என்றார். பக்கத்தில் வேகவைத்த கடலை விற்கிறவள் ருக்குமணி. அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. அன்றைக்கு அவளே என் காதோரம் வந்துதான் சொன்னாள்: "அக்கா, வெறும் வெந்நீர ஊத்தியிருந்தாலும் அந்தண்ணன் அதையேதான் சொல்லியிருப்பாரு."

ஹா ஹா

எங்கள் பக்கம் காலையில் வட்டமாக நின்று சிரிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. கையை மேலே தூக்கி ஹா ஹா ஹா என்பார்கள். மரத்தில் இருக்கிற கொக்கெல்லாம் பறந்துவிடும். சிரித்தால் மனபாரம் குறையுமாம். குறைகிறவர்களுக்குக் குறையட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் நடராசண்ணனையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுசன், போய் நின்றார்.

எல்லோரும் ஹா என்றால் இவரும் ஹா. எல்லோரும் நிறுத்தினால் இவரும் நிறுத்துவார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் உள்ளேன் ஐயா என்கிற மாதிரி இருந்தது. ருக்குமணி கடலை அளக்கிற படியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தண்ணன் சிரிக்கறதப் பாத்தா எனக்கு அழுகாச்சி வருதுங்க்கா."

எல்லாத்துக்கும் சரிங்க

ஒருத்தருக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால் நம்ம ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருப்பார்கள். அமுக்கராப் பொடியைப் பாலில் போட்டுக் குடியுங்க என்றார் ஒருவர். வல்லாரை, என்றார் இன்னொருவர். காப்பியை விடுங்க. ராத்திரிச் சோத்தை விடுங்க. தலைக்கு நல்லெண்ணெய் வையுங்க. ஒவ்வொருவருக்கும் நடராசண்ணன் தலையை ஆட்டி, "சரிங்க, சரிங்க" என்பார். வெறும் பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டில் போய் அத்தனையும் செய்திருக்கிறார்.

அதோடு யாரும் சொல்லாத ஒன்றையும் அவராகவே செய்துவிட்டார். நாட்டு மருந்து சாப்பிடும்போது இங்கிலீஷ் மருந்து ஆகாது, அது பத்தியம் என்பது நம் ஆட்களுக்குப் பாலோடு புகட்டினது அல்லவா? மாத்திரையை நிறுத்திவிட்டார். அப்புறம் கொஞ்ச நாள் இரண்டு பேரையும் காணோம். ஒருநாள் சாந்தாமணி மட்டும் தனியாக வந்து நின்றாள். நடந்தால் தலை சுற்றுகிறதாம், பொட்டுத் தூக்கமில்லையாம், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே அழுகிறாராம். டம்ளரை நீட்டினேன், வாங்கவில்லை. "ஊர்ல அத்தனை பேருக்கும் சரிங்க சரிங்கன்னவரு, டாக்டருக்கு மட்டும் மாட்டேன்னு சொல்லிப்போட்டாருங்க்கா."

டாக்டரிடமே நலம் விசாரித்தது

திரும்ப டாக்டரிடம் போகச் சாந்தாமணி என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். "அங்க போனா நல்லா இருக்கறேன்னு சொல்லிப்போடுவாருங்க்கா. என்ன என்ன குடிச்சாருன்னு நீங்களாச்சும் உள்ளதச் சொல்லுங்க" என்றாள். காந்திபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்; சாந்தாமணி அவர் சட்டை நுனியைப் பிடித்தபடியே வந்தாள். அவளுக்கு என்ன பயம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கறனுங்க. நீங்க நல்லா இருக்கறீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றார் இவர். எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்யிங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "நல்லா இருக்கறேங்கறதத் தவிர வேற எது வேணா சொல்லுங்கய்யா" என்றார். அப்புறம் நடராசண்ணன் தலையைத் தூக்காமல், "காலைல கண்ணு முழிச்சா, எதுக்கு முழிச்சோம்னு இருக்குதுங்க" என்றார். சாந்தாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இன்னைக்குத்தாங்கய்யா நீங்க நெசமாவே என்னப் பாக்க வந்திருக்கீங்க."

பத்தியம் யாருக்கு

அப்புறம் டாக்டர் விவரமாகப் பேசினார். நடை வேண்டும், வெயில் வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடும் தூக்கமும் வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும். பொடி, தழை எதுவானாலும் தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். சில பொடி மாத்திரையோடு சேராதாம். மாத்திரையை நிறுத்துவதானால் அவர்தான் மெல்ல மெல்லக் குறைப்பாராம், நாமாக நிறுத்தக்கூடாது. "அப்ப என் வாழைத்தண்டு சூப்பு?" என்று பயந்துகொண்டே கேட்டேன். டாக்டர் சொன்னார்: "சூப்பு தாராளமா கூட வரட்டுங்க, டிரைவர எறக்கிவிட்டுட்டு அத வண்டி ஓட்டச் சொல்லாதீங்க."

அன்றிலிருந்து மனசு சரியில்லை என்று யார் வந்தாலும், டம்ளரைக் கொடுக்கும் முன்னால், "டாக்டரப் பாத்தீங்களா? மாத்திரை குடுத்திருந்தா போட்டாச்சுங்களா?" என்று கேட்டுவிடுவேன். பழக்கதோசத்தில், வெயிலுக்கு ஒரு ஜூஸ் குடிக்கலாம் என்று வந்த கண்டக்டர் தம்பியிடமும் கேட்டுவிட்டேன். டம்ளருக்கு நீட்டின கையை மடக்கிக்கொண்டு அவர் சொன்னார்: "ஏனுங்கக்கா, என்னயப் பாத்தா அப்புடியா தெரியுது?"

இன்னைக்கு நல்லா இல்லீங்க

மறுபடி மாத்திரை ஆரம்பித்ததும் மறுநாளே ஆள் துள்ளி வந்துவிடவில்லை. வாரக்கணக்கில் ஆனது. பாதி தூரம் நடப்பார், உட்கார்ந்துவிடுவார். சில நாள் வரவே மாட்டார். சாந்தாமணி மறுபடி காப்பி போட்டுக் கொடுத்தாள், ராத்திரிச் சோற்றையும் போட்டாள். வீட்டு முன்னால் நாலு தக்காளிச் செடி வைத்தாராம், தண்ணீர் ஊற்ற வேண்டுமே என்று எழுந்திரிக்கிறாராம்.

ஒருநாள் சிரிப்புக் கூட்டத்துக்காரர் எதிரே வந்து, "நல்லா இருக்கறீங்களாங்க?" என்று வழக்கம்போலக் கேட்டார். நடராசண்ணன் நின்று யோசித்து, "இன்னைக்கு நல்லா இல்லீங்க. நேத்துக் கொஞ்சம் பரவால்லீங்க" என்றார். சாந்தாமணி என்னைப் பார்த்தாள். என்னமோ அவர் பரீட்சையில் பாஸானது போல அவள் முகம் இருந்தது. "கேட்டீங்களாக்கா? நல்லா இல்லைன்னு சொல்லிப்போட்டாருங்க!"

உப்பு

போன மாசம் ஒருநாள் சூப்பில் உப்பு ஒரு துளி குறைந்துதான் போயிருந்தது. மற்ற யாரும் கண்டுபிடிக்கவில்லை. நடராசண்ணன் ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார், டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனம்மணி, ஊர்ல உப்புக்குப் பஞ்சமா? வாயில வெக்க முடியுதா இத?" என்று அதட்டினார். பட்டறையில் வேலையாட்களை இப்படித்தான் அதட்டியிருப்பார் போல. சாந்தாமணி நடைபாதை என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உப்பு டப்பாவைத் தேடுகிறேன், கண்ணீர் மறைக்கிறது. ருக்குமணி அந்தப் பக்கமிருந்து கத்தினாள்: "அக்கா, அழுகறதுன்னா அண்டாவ உட்டுத் தள்ளி நின்னு அழுவுங்க, இப்ப உப்பு சாஸ்தியாயிரும்!"

அன்றிலிருந்து எல்லோர் டம்ளரிலும் உப்புச் சரியாகத்தான் போடுகிறேன், நடராசண்ணன் டம்ளரில் மட்டும் வேண்டுமென்றே ஒரு துளி குறைத்துப் போட்டுவிட்டு, திட்டு விழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.