வெறுந்தாள் வந்த மாதங்கள்

அவளுக்கு வரும் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதிக்குக் கிட்ட, சேர் என்று நாங்கள் கூப்பிடும் வாத்தியார் ஒருவர் நடத்திய கொம்பியூட்டர் வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். நான் சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வருவேன். அவள் குருநகர்க்காரி, என்னைவிட வயது குறைவு, அக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். யுத்தத்தால் குடாநாட்டில் கரண்ட் இல்லாமல் போய் வருடக்கணக்காகிவிட்டது. பின்னேரத்தில் கொஞ்ச நேரம் மண்ணெண்ணெயில் ஜெனரேட்டரைப் போடுவோம். அது இருமி இருமி நிற்பதற்குள் வகுப்பும் முடிய வேண்டும், கடிதங்களும் எடுபட வேண்டும்.

கடிதம் என்றால் ஈமெயில். யாழ்ப்பாணத்தில் அப்போது அதற்கு லைன் ஏது? வெளிநாட்டிலிருந்து எங்கள் எல்லோருக்கும் வருவதைக் கொழும்பில் சேரின் நண்பர் வாங்கி, ஒரே கோப்பாகப் பிளொப்பியில் பதிந்து, கிளாலிக் கடலேரியால் படகில் வருகிற யாரிடமாவது கொடுத்து விடுவார். தபாலை நம்பியிருந்தால் அடுத்த பொங்கலுக்குத்தான் பதில் வரும். ஆனபடியால் அந்தப் பிளொப்பிக்குப் பெரிய மரியாதை.

உறைக்குள் உறையாகக் கடிதங்கள் தனித்தனியே இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே நீளத் தாள், ஒருத்தரின் கடிதம் முடிய அடுத்தவரின் கடிதம் தொடங்கும். இடையில் ஒரேயொரு வேலி: ஒரு வரி 'ஃப்ரொம்' என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கினால் அங்கே புதுக் கடிதம். சேர் எழுதிய சின்னப் புரோகிராம் அந்தச் சொல்லைக் கண்ட இடத்தில் வெட்டி, தலைப்பில் உள்ள பெயரைப் பார்த்து அவரவருக்குப் பிரித்துப் போடும். நாங்கள் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் அச்சடிப்போம்.

எங்கள் இருவருக்கும் பேசி வைத்த மாப்பிள்ளைகள் ஜேர்மனியில் இருந்தார்கள். அவளுடையவர் படித்து உத்தியோகம் பார்க்கிறவர். எனக்குப் பேசினவர் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். கம்பஸில் படிக்கும் நண்பனின் கொம்பியூட்டரிலிருந்துதான் எனக்கு எழுதுவார். எழுதுவார் என்றா சொன்னேன்? எனக்கு வந்த தாளில் என் பெயர் இருக்கும், அனுப்பிய திகதி இருக்கும், கீழே ஒரு சொல் இருக்காது. வெறுந்தாள் அனுப்ப வேண்டாம், மனதில் உள்ளதை எழுதும் என்று கோபமாக எழுதிப் போட்டேன். அதற்குப் பதிலாக வந்ததும் வெறுந்தாள்தான்.

அவளுக்கோ தாள் தாளாக வரும். ஸ்ரூலில் குந்தியிருந்து உதடு அசைய வாசிப்பாள், தனக்குள்ளே சிரிப்பாள், மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைப்பாள். உவவுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு என்று மனதுக்குள் திட்டுவேன். ஒருநாள் கேட்காமலே எனக்கு வாசித்துக் காட்டினாள். "சோளகம் எதிர்க்காத்தா அடிச்சா இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போம், மூச்சு வாங்க உழக்க வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறார் அக்கா."

நல்லது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனேன். ஒவ்வொரு பின்னேரமும் சோளகத்துக்கு எதிரே சண்டிலிப்பாய்க்கு உழக்குகிறவள் நான். எனக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லையே என்று வழி நெடுக அழுதேன்.

என்னைப் பெற்ற ஐயா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஜேர்மனியில் மாப்பிள்ளைக்கு வேறு யாரோ ஒருத்தி இருக்கிறாள், அதைச் சொல்லத் துணிவில்லாமல் வெறுந்தாள் அனுப்புகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். கொடிகாமத்தில் தேங்காய் வியாபாரம் செய்கிற குடும்பம் ஒன்று பெண் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கட்டும் என்றார். எனக்கு ஜேர்மனியில் இருந்தவர்தான் வேண்டும். ஆனால் எதைக் காட்டி மறிப்பேன்? ஞாயிறுக்கு முதல் வருகிற பிளொப்பிதான் எனக்கு மிச்சம்.

வெள்ளிக்கிழமை அது வந்தது. எனக்கு வெறுந்தாள், அவளுக்கு மூன்று தாள். உமக்கென்ன, அள்ளிக் கொட்டுது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். வாசித்துக்கொண்டு போனவளின் முகம் பாதியில் கறுத்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நல்லா வேணும் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் காலையில் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றாள். வீட்டுக்குள் வரமாட்டேன் என்றாள். செபப்புத்தகத்துக்குள் இருந்த தாள்கள் எல்லாம் கையில் இருந்தன.

"அக்கா, இதில 'ஏன் வெறுந்தாள் வருகுதெண்டு எழுதினீர், நான் பக்கம் பக்கமா எழுதிறன்' எண்டு கிடக்கு. நான் அப்பிடி ஒருக்காலும் எழுதேல்லை. நீங்கள்தான் எழுதினனீங்கள்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு சேர் கோப்பைத் திறந்து காட்டியபோதுதான் முழுக்க விளங்கியது. எங்கள் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலக் கடிதம் பழக்கிய வாத்திமார், தலையில் 'ஃப்ரொம்' போட்டு ஊரை எழுதாவிட்டால் பிரம்பை எடுப்பார்கள். எனக்குப் பேசினவர் அடி வாங்கிப் படித்ததை ஜேர்மனிக்குப் போயும் மறக்கவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் 'ஃப்ரொம் ஜேர்மனி' என்றுதான் தொடங்கியிருக்கிறார். புரோகிராம் அதை வேலி என்று எடுத்து வெட்டியது. பெயருள்ள தலைப்பு எனக்கு வந்தது. பெயரில்லாத மிச்சம், புரோகிராமில் இருந்த எங்கள் பெயர்ப் பட்டியலில் முதல் பெயருக்குப் போனது. முதல் பெயர் அவளுடையது, அவளுக்கு வந்த கடிதத்தின் கீழே அது ஒட்டிக்கொண்டது. பலர் கைபடுகிற கடிதம் என்று கூச்சப்பட்டு, அவரும் என் பெயரை எழுதாமல் 'அன்புள்ள உமக்கு' என்று மட்டும் போட்டிருந்தார்.

அன்று படலையில் நின்றபடி அவள் தாளைத் தொட்டுக் காட்டினாள். "மேல இங்கிலீசில நாலு வரி இருக்கெல்லோ, சுகம், குளிர், வேலை எண்டு. அதுதான் என்ரை ஆள் எழுதினது. முதல் ஒப்புக்கு எழுதிப்போட்டு, கீழ இங்கிலீசு எழுத்தில தமிழா மனம் விட்டு எழுதிறார் எண்டு நினைச்சன்," என்றாள். "எனக்கு வந்தது அந்த நாலு வரிதான் அக்கா."

தாள்களை என் கையில் வைத்தாள். மடிப்புகள் துணிபோல் நைந்திருந்தன. அங்கங்கே பென்சிலால் கோடு. எனக்கு எழுதியதில் எது நல்ல வரி என்று அவளே தெரிந்து வைத்திருந்தாள். அந்தத் தாள்களால்தான் ஐயா கொடிகாமத்தாருக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார், எழுதினவரைத்தான் நான் கட்டினேன். ஆனாலும் படலையில் நின்ற அந்த நிமிடம் எனக்கு நன்றி வரவில்லை. இத்தனை மாதம் என் சந்தோஷத்தை இவள் அனுபவித்துவிட்டாளே என்றுதான் எரிந்தது.

வாறன் அக்கா என்று சைக்கிளில் ஏறினாள். ஒழுங்கை முடக்கில் அவள் திரும்பியதும் சோளகம் முகத்தில் அடித்தது. கொஞ்சத் தூரம் உழக்கிப் பார்த்தாள். பிறகு இறங்கி, ஆறுதலாக, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள்.