லெவல் த்ரீ கமாண்டரும் ஒரு சின்னப் பூட்டும்

நேற்று என் பி.ஆர். கார்டு கைக்கு வந்தது. ஜெர்மனியில் நிரந்தரமாகத் தங்கிக்கொள்ளலாம் என்கிற அனுமதி. ஆயுத பூஜையிலிருந்து அடக்கிவைத்திருந்த கதையை இனி தைரியமாக எழுதலாம். கார்டு வராமல் போயிருந்தால் இந்த வாரம் வானிலை பற்றி ஏதாவது எழுதியிருப்பேன்.

விஷயம் இதுதான். ஆயுத பூஜை கொண்டாடிய ஞாயிற்றுக்கிழமை, டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் என் ஃப்ளாட்டுக்கு போலீஸ் வந்தது. துப்பாக்கியோடு வந்தது. ஏனென்றால் என் வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருந்தது.

பதறாதீர்கள். முதலிலிருந்து வருகிறேன்.

எங்கள் ஊர்த் தமிழ் வட்டாரத்தில் பாஸ்கர் அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். நாமக்கல்காரர். வேலை, ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஆனால் அவரை எல்லோரும் கமாண்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தது யார்? அவரேதான்.

எந்த விருந்திலும் பிரியாணி முடிவதற்குள் பேச்சு துப்பாக்கிக்கு வந்துவிடும். வாழைப்பழத்தைக் கையில் எடுத்து, பிஸ்டலை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவார். "மூச்சுலதான் தம்பி எல்லாமே இருக்கு. மூச்ச வயித்துல நிறுத்து. அப்புறம் குண்டு தன்னால போவும்." பிறகு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிடுவார்.

ஃபோனில் சான்றிதழ்கள் வைத்திருப்பார். தங்க முத்திரை, இறக்கை விரித்த கழுகு, புரியாத கையெழுத்து. 'டாக்டிகல் பிஸ்டல் இன்ஸ்ட்ரக்டர் — லெவல் த்ரீ.' லெவல் ஒன்றும் இரண்டும் எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

நான் ஏன் கேட்கவில்லை? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பது என் டிகிரி சான்றிதழை மட்டும்தான். வெள்ளிக்கிழமையானால் அதற்கும் சேர்த்து சூடம் காட்டுவார் அம்மா. அப்படி வளர்ந்தவனிடம் முத்திரை வைத்த காகிதத்தைக் காட்டினால் என்ன செய்வான்? எழுந்து நிற்பான்.

நின்றேன். ஆயுத பூஜைக்கு அவரையே முக்கிய விருந்தாளியாகவும் கூப்பிட்டேன்.

அவரும் அவர் மனைவி ரேவதி அக்காவும் ட்ராமில் வந்து இறங்கினார்கள். அக்கா கையில் பழைய டூல் பாக்ஸ் ஒன்று, அதில் ஒரு சின்னப் பூட்டு. சாவி போட்டுத் திறந்து, துணியில் சுற்றிய குத்துவிளக்கை வெளியே எடுத்தார். அடுத்து அண்ணன் உள்ளே கைவிட்டு எடுத்தது... கறுப்பாக, கனமாக, ஒரு பிஸ்டல்.

"லேப்டாப்புக்கும் ரைஸ் குக்கருக்கும் பொட்டு வெச்சு ஆயுத பூஜைன்னு சொல்றீங்க. ஆயுதம்னு ஒண்ணாவது வேண்டாமா தம்பி?"

அடுத்த வாரம்தான் எனக்கு பி.ஆர். அப்பாயின்ட்மென்ட். இந்த நேரத்தில் போலீஸ், கேஸ் என்று ஏதாவது வந்தால் இத்தனை வருஷ உழைப்பும் போச்சு.

"அண்ணே, இதுக்கு லைசென்ஸ்..." என்று இழுத்தேன்.

"லெவல் த்ரீகிட்ட லைசென்ஸ் கேக்குற பாத்தியா" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

துப்பாக்கிக்கும் சந்தனம் தடவி, பெரிதாகக் குங்குமம் வைத்தோம். லேப்டாப், ட்ரில் மெஷின், சைக்கிள் பம்ப், ரைஸ் குக்கர், பிஸ்டல் என்று வரிசையாக. சூடம் ஏற்றினேன். ஜெர்மனியில் பூஜை செய்கிறவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். கூரையில் இருந்த ஸ்மோக் அலாரம் கத்த ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆணி அடித்தால்கூட அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கிற நாள். அவசர அவசரமாக எல்லாவற்றையும் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அலாரம் ஒருவழியாக அடங்கியது. எதிர் பில்டிங்கில் திரைச்சீலைகள் மெதுவாக விலகின.

நான் தீபாராதனை காட்டினேன். சூடம் அணைந்ததும் கமாண்டர் பிஸ்டலைக் கையில் எடுத்தார். கால்களை அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தார். "இதுதான் ஸ்டான்ஸ். ஃபோட்டோ எடு தம்பி." அவர் குறி பார்த்த திசையில்தான் எதிர் பில்டிங்.

சர்க்கரைப் பொங்கல் ஆறுவதற்குள் கதவு இடிபட்டது. "போலீஸ்! கதவைத் திறங்கள்!"

பொங்கல் சாப்பிட வந்திருந்த மாணவன் தினேஷ் மெல்லச் சொன்னான். "கமாண்டர், நீங்க முன்னாடி போங்க."

கமாண்டர் என்னைப் பார்த்தார். "வீடு உம் பேர்லதான தம்பி இருக்கு?"

நான்தான் திறந்தேன், கையில் ஆரத்தித் தட்டோடு. வாசலில் ஒரு பெண் அதிகாரி, பின்னால் இரண்டு பேர். மூவர் கையும் இடுப்பில் இருந்தது. கையில் இருப்பதைக் கீழே வை என்றார். ஆரத்தித் தட்டைத் தரையில் வைக்கலாமா என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு கணம் யோசனை வந்தது. வைத்துவிட்டேன். சாமி மன்னிக்கும், போலீஸ் பற்றி உறுதி இல்லை.

எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்றோம். அந்த அதிகாரி அம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு, மேஜைமேல் கிடந்த பிஸ்டலை எடுத்துத் திருப்பினார். முகம் மாறியது.

"இந்தச் சிவப்பு என்ன?"

நான் கற்றுக்கொண்ட ஜெர்மன் மொத்தமும் எங்கோ ஓடிவிட்டது. இது நிஜத் துப்பாக்கியா என்று அடுத்த கேள்வி. எனக்கே தெரியாதே! கமாண்டரைப் பார்த்தேன். மூச்சை வயிற்றில் நிறுத்தியிருந்தார்.

பதில் சொன்னது ரேவதி அக்கா. இங்கே மழலையர் பள்ளியில் வேலை செய்கிறவர். ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு. பிளாஸ்டிக் உருண்டை போட்டுச் சுடுகிற பொம்மைத் துப்பாக்கி, ஆன்லைனில் வாங்கியது என்றார். சிவப்பு குங்குமம், இன்று கருவிகளை வணங்குகிற நாள் என்றார். சந்தேகமாக இருந்தால் பால்கனியைப் பாருங்கள் என்றார்.

அந்த அம்மாள் பால்கனிக்குப் போனார். லேப்டாப்பில் குங்குமம். ட்ரில் மெஷினில் குங்குமம். ரைஸ் குக்கரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது உதட்டோரம் லேசாகக் கோணியிருந்தது. கையை இறக்கச் சொன்னார்.

"நீங்கள் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவரா?" என்று கமாண்டரிடம் கேட்டார்.

"நோ மேடம். ஐ ஆம் டெஸ்டிங் என்ஜினீயர். ஒன்லி டெஸ்டிங்."

தினேஷ் இருமினான்.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. இதை ட்ராமில் எப்படிக் கொண்டுவந்தீர்கள்? நிஜம்போலத் தெரிகிற பொம்மையைத் தெருவில் வெளிப்படையாக எடுத்துப்போவது இங்கே குற்றமாம். அபராதம் உண்டு. பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் மட்டும் பிரச்சனை இல்லை.

அக்கா டூல் பாக்ஸைக் காட்டினார். பூட்டைக் காட்டினார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். அந்த அம்மாள் தலையசைத்தார். "மிகச் சரி. திரும்பவும் இப்படியே எடுத்துப்போங்கள். பால்கனியில் இனி ரைஸ் குக்கர் மட்டும்."

அவர்கள் படியிறங்கிய சத்தம் ஓய்ந்த பிறகு நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்தில்.

"அக்கா, இந்தச் சட்டமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? பெட்டியோட கொக்கி லூசாயிடுச்சு. ட்ராம்ல குத்துவிளக்கு கீழ விழுந்து நெளிஞ்சுடக் கூடாதேன்னு பூட்டுனேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, என்.சி.சி. கேம்ப்ல சுட்ட கதையைச் சொல்லுங்க. இவரு சுட்டது பூரா பக்கத்துப் பையனோட குறி அட்டையில விழுந்து, அவனுக்கு ப்ரைஸ் குடுத்துட்டாங்க தம்பி."

கமாண்டர் பொங்கல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

யோசித்துப் பார்க்கிறேன். தூண்டில் போட்டு மீன் பிடிக்கக்கூடப் பரீட்சை எழுதச் சொல்கிற நாடு இது. இங்கே வந்துமா ஒரு கழுகுப் படத்துக்கு எழுந்து நின்றேன்? சான்றிதழை மதிக்க வீட்டில் கற்றுக்கொண்டேன், அதில் தப்பில்லை. அதைக் கொடுத்தது யார் என்று கேட்கவும் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். அது மரியாதைக் குறைவு இல்லை. உண்மையான சான்றிதழ் வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்வி உறுத்துவதே இல்லை.

அப்பாயின்ட்மென்ட்டில் அதிகாரி என் ஃபைலைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். பால்கனி பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நேற்று கார்டைக் காட்ட அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "ஃப்ரேம் போடட்டுமாப்பா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அதற்குப் பின்னால் கண்ணீரும் வந்தது.

கமாண்டர் திருந்தினாரா என்று கேட்பீர்கள். அவர் ப்ரொஃபைலில் இப்போது புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'ஜெர்மன் காவல் துறையுடன் நேரடிக் கள அனுபவம்.'

அடுத்த ஆயுத பூஜைக்கும் அவரைக் கூப்பிடுவேன். ஆனால் முதல் பொட்டு அக்காவின் பூட்டுக்குத்தான்.