சங்கில் பிடித்த சுருதி

சென்ற வாரம் அன்புவழிபுரத்து நிரோஷன் புதுக் கிற்றாரோடு வந்து என் வரவேற்பறைக் கதிரையில் அமர்ந்தான். என் பழைய றொக் குழுவின் கிற்றார்காரன், அண்மையில் காலமான பெனடிக்கின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு, ஊரிலுள்ள இசைக்குழுக்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அவன் ஆக்கிய இறக்கக்கண்டிக் கடற்கரைப் பாட்டை வாசிக்கப்போகின்றனவாம்.

“அவர் வாசிச்ச சுருதியிலதான் வாசிக்கவேணும் எண்டு எல்லாரும் ஒரே பிடி, ஐயா. அந்தக் குழுவில மிஞ்சினது நீங்கள் ஒராள்தான். நீங்கள்தான் எடுத்துத் தரவேணும்.”

“ஏன், உம்முடைய போனிலே சுருதி பார்க்க ஏலாதோ?”

“அது உலகத்துக்குப் பொதுவான சுருதி, ஐயா. அவற்ற சுருதி அதுக்குள்ள இல்லை.”

அவனுடைய கிற்றாரில் புது வார்னிஷ் மணத்தது. பெனடிக்கின் கிற்றாரில் தேங்காயெண்ணெய் மணக்கும். உப்புக்காற்றில் கம்பிகள் துருப்பிடிக்காதிருக்கத் தலைக்கு வைக்கும் எண்ணெயை அவற்றுக்கும் தடவுவான். இறக்குமதி தடைப்பட்டிருந்த காலம் அது. கம்பி அறுந்தால் அறுந்ததுதான்.

பெனடிக் துறைமுக வேலைத்தலத்தில் இரும்பு ஒட்டும் வேலை செய்தான். நான் அதே துறைமுகத்தின் மேல்மாடியில் எழுதுவினைஞன். கல்லூரி விழாக்களில் கழுத்துப்பட்டி அணிந்து ஆங்கிலப் பாடல்கள் பாடிப் பெயரெடுத்தவன். றொக் இசை என்பது தலைமயிர் வெட்டாதவர்களைப் பிடிக்கும் ஒரு நோய் என்பதே அக்காலத்தில் என் உறுதியான கருத்து. ஒரு நண்பகலில், சாப்பாட்டு வேளையை அறிவிக்கும் வேலைத்தலத்துச் சங்கு ஊதி ஓய, அதே ஒலியைக் கீழே ஒரு கிற்றார் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றது. சோற்றுப் பொதியைப் பிரிக்காமலே படியிறங்கினேன்.

சுருதி பார்க்க அவனிடம் வேறு கருவி கிடையாது. நண்பகல் சங்கு ஊதும்போது முதற்கம்பியை முறுக்குவான். மற்றவை அதற்குப் பணியும். சங்கைத் தவறவிட்டால், மீண்டும் வேலைக்கு அழைக்கும் ஒருமணிச் சங்குவரை காத்திருக்கவேண்டும். கையில் சோறு காய்ந்தாலும் காது சங்கில்தான்.

நான் அவனுடைய குழுவில் பாட்டுக்காரனான பின்னர், பலர் முன்னிலையில் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சொல்லுவான்: “துரை, நீங்கள் மேல்மாடியிலயே நிக்கிறீங்கள். கொஞ்சம் இறங்குங்கோ.” எல்லோரும் சிரிப்பார்கள். என் பாட்டில் குற்றம் கண்ட முதல் மனிதன் அவன். முதன்முறை அப்படிச் சொன்ன மூன்றாம் நாள் வீட்டிலே தனியாகப் பாடிப் பார்த்தேன். அவன் சொன்னது சரியாக இருந்தது. அதன்பின் அவன் தலையசைக்காத எதையும் நான் மேடையில் பாடியதில்லை.

கிண்ணியாக் களியாட்ட விழாவில்தான் வில்லங்கம் வந்தது. அங்கே ஓர்கன் வாசித்தவர் ஹனிபா நானா. எங்கள் சுருதியோ அவருடைய வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவே எங்கேயோ கிடந்தது.

“என்ன பெனடிக், இது மனிசன் வாசிக்கிற சுருதியா? என்ட விரலை நான் எங்க வைக்கிற?”

“கம்பியை இதுக்கு மேல முறுக்கினா அறுந்துபோகும், தளர்த்தினா சங்குச் சுருதி போயிடும், நானா. ஓர்கனை விட்டிட்டு அந்த றபானை எடுங்கோ.”

முறைத்துப் பார்த்த நானா, முணுமுணுத்துக்கொண்டே றபான் என்ற அந்தத் தோற்பறையை மடியில் வைத்துத் தட்டத் தொடங்கினார். இறக்கக்கண்டிக் கரைவலைக்காரரின் இழுப்பு அந்தத் தட்டிலே ஏறியது. சனம் எழுந்து நின்றது. அடுத்த வருடத்துக்குள் றபான் இல்லாத றொக் குழு எங்கள் பக்கத்தில் இல்லை. கிண்ணியாவிலிருந்து படகேறியும் சம்பூரிலிருந்து வள்ளத்திலும் இளைஞர்கள் கிற்றாரோடு நண்பகலுக்கு வந்து, வேலைத்தல மதிலோரம் சங்குக்காகக் காத்து நிற்பார்கள். காவலாளி முதலில் விரட்டினார். பிறகு, “தம்பிமார், இண்டைக்குச் சங்கு கொஞ்சம் பிந்தும்” என்று அறிவிக்கத் தொடங்கினார்.

போர்க்காலத்தில் நின்ற சங்கு பின்னர் ஊதவேயில்லை. ஹனிபா நானாவும் காலமாகிவிட்டார். ஒலிப்பதிவு நாடாக்கள் வெக்கையில் இழுபட்டு, பெட்டிக்குப் பெட்டி வேறு சுருதியில் பாடுகின்றன. கடைசிக் காலத்தில் பெனடிக்கின் விரல்கள் மடங்கவில்லை. ஆனால் காது மட்டும் கடைசிவரை அப்படியே இருந்தது.

நிரோஷன் கம்பியில் விரல் வைத்துக் காத்திருந்தான். நான் பிழையாகத் தந்தால் அத்தனை குழுக்களும் அந்தப் பிழையைத்தான் பெனடிக் என்று இனி வாசிக்கும். என் பெயர் கெடுவதுபற்றி வாழ்நாள் முழுவதும் கவலைப்பட்ட எனக்கு, அன்று பெனடிக்கின் பெயர் கெடுமோ என்பது ஒன்றே பயமாக இருந்தது. கண்களை மூடி முனகினேன். நிரோஷன் கம்பியை மெல்லத் தளர்த்தினான்.

“சரியா, ஐயா?”

தொண்டை ஓம் என்றது. நிச்சயமாகச் சொல்லக்கூடிய காது இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சேமக்காலையில் மண்போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறோம்.